சிடிடபிள்யூ இருந்தால் கையிலிருந்து காசே போகாதா?

‘வெளிநாட்டில் கார் வாடகையிலேயே சிடிடபிள்யூ (Collision Damage Waiver, வாடகை வண்டிக்கு ஏற்படும் மோதல் சேதத்துக்கான பாதுகாப்பு) காப்பீடு சேர்ந்திருந்தால், வண்டிக்கு என்ன ஆனாலும் நாம் எதுவும் கட்ட வேண்டாம்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. தயவுசெய்து இதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் எக்ஸஸ் என்றொரு தொகை இருக்கும். அதுவரைக்குமான சேதம் நம் தலையில்தான். ஐரோப்பாவில் அது 1,000 யூரோவைத் தாண்டுவதும் சகஜம். வண்டி எடுக்கும்போதே அதை கிரெடிட் கார்டில் பிடித்து வைப்பார்கள். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் பல இடங்களில் காப்பீட்டுக்குள்ளேயே வராது.

கவுன்ட்டரில் விற்கும் கூடுதல் காப்பீட்டைவிட, எக்ஸஸுக்கான காப்பீட்டை வெளி நிறுவனத்தில் முன்கூட்டியே வாங்குவது பெரும்பாலும் மலிவு. ஆனால் சேதத்துக்கு முதலில் நாம் கட்டிவிட்டு, அப்புறம்தான் அந்த நிறுவனத்திடம் கேட்டு வாங்க முடியும். சாவி கைக்கு வந்ததும் ரிம், பம்பரின் கீழ்விளிம்பு உட்பட எல்லாவற்றையும் வீடியோ எடுத்துவிடுங்கள்.