தை மாதச் சொட்டும் தகரக் கூரையும்

ஜனவரியில் தகரக் கூரை சொட்டினால் ஷீட் ஓட்டை, மாற்றித்தான் ஆகணும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். மன்னிக்கணும் அண்ணே, மழையே இல்லாத நாளில் சொட்டுவது பெரும்பாலும் ஒழுகல் இல்லை. உறைபனி இரவில் ஷீட் சில்லிட்டுப் போகும். அடுப்படி ஆவியும் நம் மூச்சும் அதன் அடிப்புறத்தில் பட்டுத் துளியாகும். சில நாள் அதுவே உறைந்து, வெயில் ஏறியதும் சொட்டும். எங்கள் ஊட்டி வீட்டில் வெந்நீர் அண்டாவுக்கு நேர் மேலேதான் முதல் சொட்டு!

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நல்ல வெயில் நாளில், நடுப்பகலில், அடிப்புறத்தைத் துடைத்துக் காயவிட்டு, மேலே ஹோஸில் பத்து நிமிஷம் தண்ணீர் விடுங்கள். ஆணி, வாஷர் பக்கம் கசிந்தால் ஒழுகல். அப்போதும் முதலில் வாஷரை மாற்றிப் பாருங்கள். காய்ந்தே இருந்தால் அடுப்படியில் ஆவி வெளியேற வழி விட்டாலே போதும்.