ஏழு நிமிஷத்துக்கு ஒரு பொன்னாடை

போன செவ்வாய்க்கிழமை எங்கள் சேவை கிளப் கூட்டத்தில், பேசக் கூப்பிட்ட ஒருவரை ஏழே நிமிஷத்தில் உட்கார வைத்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். வாட்ஸாப் குழுவில் நான் போட்ட இரண்டு வரியை அட்மின் அழித்ததும் தெரியும். அதனால்தான் இங்கே வந்து எழுதுகிறேன், இங்கே அழிப்பதென்றால் நான்தான் அழிக்க வேண்டும். கிளப் பெயரைச் சொல்லப் போவதில்லை. ரோட்டரியா, லயன்ஸா, வேறொன்றா என்று கமெண்டில் துருவாதீர்கள். சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், அது போதும்.

சொல்ல வருவது ஒன்றுதான். பேசக் கூப்பிட்டால் பேச விடுங்கள்.

வந்தவர் சேர்வராயன் மலையில் மூன்று ஏக்கர் காபி வைத்திருக்கிற பெரியவர். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்தில் பஸ் மாறி வந்தார். கூப்பிட்டது நான். இருபத்தைந்து நிமிஷம் பேசலாம் என்று சொன்னதும் நான். மனிதர் அதை நம்பி ஒரு மஞ்சப்பையில் காயவைத்த கொட்டை, பூச்சி துளைத்த ஒரு காபித் தண்டு, கிளப்புக்கென்று கால் கிலோ தூள் எல்லாம் எடுத்துக்கொண்டு ஏழு மணிக்கே வந்து முன் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

ஏழரைக் கூட்டத்துக்கு மணி அடித்தது எட்டு ஐந்துக்கு. அப்புறம் பிறந்தநாள் நான்கு பேர், திருமண நாள் மூன்று ஜோடி, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, போட்டோ, யாரோ கண்ணை மூடிவிட்டார் என்று மறுபடி போட்டோ. மாவட்டப் பொறுப்பில் இருக்கிறவர் வந்திருந்தார், அவரை அறிமுகப்படுத்த ஒருவர், அறிமுகப்படுத்துகிறவரை அழைக்க இன்னொருவர். பெரியவர் கைக்கு மைக் வந்தபோது ஒன்பது பத்து. பின்னால் தட்டு அடுக்குகிற சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஒன்பது பதினேழுக்குத் துண்டுச்சீட்டு போனது. "ஐயா, கொஞ்சம் சுருக்கமா."

அப்போது அவர் பூ மழையில் இருந்தார். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் காபிச் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும், மல்லிகை போல வாசம் வரும், அந்த வாசம் வந்தால்தான் அந்த வருஷத்துச் சாப்பாடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். சீட்டைப் பார்த்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், "சரிங்க, வணக்கம்" என்று உட்கார்ந்துவிட்டார். உடனே பொன்னாடை. உடனே நினைவுப் பரிசு, ஒரு சுவர்க் கடிகாரம். நேரம் கொடுக்காதவர்கள் கடிகாரம் கொடுத்தோம். அதில் தலைவர் பெயர் நடுவில் பெரிதாக, வந்தவர் பெயர் எங்கேயும் இல்லை.

"இதெல்லாம் ஒரு விஷயமா, டின்னர் ஆறிப்போகும் இல்லையா?" என்று கேட்பீர்கள். ஆறட்டும். வாராவாரம் அதே பரோட்டா, அதே குருமாதான்.

"மேலிடத்திலிருந்து ஒருவர் வந்தால் மரியாதை செய்ய வேண்டாமா?" செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அவர் வரப்போவது ஒரு மாதம் முன்பே தெரியுமே. அதே நாளில் நான் கூப்பிட்டவரை ஏன் மலையிலிருந்து இறங்க விட்டீர்கள்? என்னிடம் ஒரு போன் பண்ணியிருந்தால் தேதியை மாற்றியிருப்பேன். அந்த அளவுக்குக்கூட அவர் யார் கண்ணிலும் படவில்லை. வலிப்பது அதுதான்.

இன்னொரு கேள்வி என் காதுக்கே வந்தது, சாப்பிடும் இடத்தில், சத்தமாகவே. "காபிக்காரர் பேசி நமக்கு என்னங்க ஆகப்போகுது?" சொன்னவர் மூத்த உறுப்பினர், நான் மதிக்கிறவர், மதித்தவர். அண்ணா, 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் ரோட்டரியை ஆரம்பித்தபோது கூட உட்கார்ந்தவர்கள் யார் தெரியுமா? ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல்காரர். ஒவ்வொருவர் தொழில் நடக்கிற இடத்திலும் மாற்றி மாற்றிக் கூடியதால்தான் ரோட்டரி என்றே பெயர். அன்றைக்குத் தையல்காரருக்கு நாற்காலி இருந்தது, இன்றைக்கு நமக்குக் காபிக்காரர் ஆகாது. லயன்ஸ் கதையும் அப்படியே. 1925-ல் ஓஹாயோ மாநாட்டில் பேச வந்த ஹெலன் கெல்லர் பார்வையற்றவர்களுக்காக நில்லுங்கள் என்று கேட்டார், இன்றுவரை கண் சம்பந்தமான வேலையை அவர்கள் விடவில்லை. பேச வந்த ஒருவரால் நடந்தது அது. யாராவது சீட்டுக் கொடுத்திருந்தால்?

சரி, நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

1998-ல் என் மாமா கூட்டிக்கொண்டு போன கூட்டத்தில்தான் முதல் முறையாக இதையெல்லாம் பார்த்தேன். அன்றைக்கு ஒரு கண் மருத்துவர் வந்து அரைமணி நேரம் கண் தானம் பற்றிப் பேசினார். மின்விசிறியை நிறுத்துங்கள், இமையை மூடி ஈரப்பஞ்சு வையுங்கள், தலைக்கு உயரமாகத் தலையணை வையுங்கள், ஆறு மணி நேரத்துக்குள் கண் எடுக்க வேண்டும், வயதானவர், கண்ணாடி போட்டவர் என்றெல்லாம் பார்க்காதீர்கள். அவ்வளவுதான், பெரிய மேடைப்பேச்சு ஒன்றும் இல்லை. எட்டு வருஷம் கழித்து விடியற்காலையில் அம்மா போனபோது வீடே அழுதுகொண்டிருக்க, எனக்கு அந்த மருத்துவர் குரல்தான் காதில் கேட்டது. எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினேன். "ஏன்டா அமத்துற, புழுக்கமா இருக்கு" என்று அத்தை திட்டியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அம்மாவின் கண்களைக் கொடுத்தோம். அந்த மருத்துவரை ஏழு நிமிஷத்தில் உட்கார வைத்திருந்தால் ஆறு மணி நேரக் கணக்கு எனக்குத் தெரிந்திருக்காது. கூட்டம் என்றால் எனக்கு அது. பொன்னாடை எதுவும் ஞாபகம் இல்லை.

"நீ செயலாளராக இருந்தபோது மட்டும் என்ன கிழித்தாய்?" என்று ஒருவர் கேட்பார், யார் என்றும் தெரியும். நானும் சுற்றறிக்கையை இருபது நிமிஷம் வாசித்தவன்தான். தப்புதான். மேலே போவோம்.

"பதவி கிடைக்காத வயிற்றெரிச்சல்" என்பவர்களுக்கு: இரண்டு தடவை தலைவர் பதவி என் வீட்டு வாசல் வரை வந்தது, கடையைப் பார்க்க ஆள் இல்லை என்று நான்தான் வேண்டாமென்றேன். அன்றைக்கு வந்து கெஞ்சியவர்களே இன்றைக்கு இதைச் சொல்வதுதான் வேடிக்கை. ஜூலையில் நடக்கிற பதவியேற்பு விழாவுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க வருஷாவருஷம் யார் பணம் கொடுத்தது என்று கணக்கு நோட்டைப் பாருங்கள். வேண்டாம், அந்தப் பேச்சுக்குள் போகவில்லை.

அடுத்த வாரம் வரப்போகிறவர் பெரிய மருத்துவமனையின் இதய நிபுணர். அவருக்கு எத்தனை நிமிஷம் என்று கேட்டேன். "அவருக்கு எதுக்குங்க டைம், எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசட்டும்" என்றார்கள். ஆக நேரம் இருக்கிறது. யாருக்கு என்பதுதான் கேள்வி.

அன்று இரவு பெரியவரை அஸ்தம்பட்டியில் மகள் வீட்டில் நான்தான் கொண்டுபோய் விட்டேன். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், எல்லாருக்கும் பசி நேரம்" என்றார். அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து அந்தத் தண்டை எடுத்துக் காட்டினார். வெள்ளைத் தண்டுத் துளைப்பான். வெயில் நேராக விழுகிற தண்டில்தான் வண்டு தேடி வந்து முட்டை வைக்குமாம், நிழல் மரத்தை வெட்டினால் அதற்குக் கொண்டாட்டம். புழு உள்ளே இறங்கிவிட்டால் செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். கலெக்டர் காக்பர்ன் காலத்தில், 1820களில், மலைக்கு வந்த பயிர், இப்போது வீக்எண்ட் வீட்டுக்கு இடம் வாங்குகிறவர்கள் முதல் வேலையாக நிழல் மரத்தை வெட்டுகிறார்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரன் செடியைப் பிடுங்குகிறான் என்றார். எங்கள் கிளப்பில் ஏழெட்டுப் பேருக்கு அங்கே இடம் இருக்கிறது. அவர்களிடம் கேட்கத்தான் வந்தாராம், "வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க" என்று. அந்த நேரத்தில் அந்த ஏழெட்டுப் பேரும் பரோட்டா வரிசையில் நின்றார்கள்.

கடிகாரத்தை என் காரிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா, நான் கேட்கவில்லை. கால் கிலோ தூளும் என்னிடம்தான் இருக்கிறது, கிளப்புக்கென்று கொடுத்தது. வேண்டுமென்கிற உறுப்பினர்கள் கடைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். தலைவர் வந்தால் நானே டிகாஷன் இறக்கிக் காபி போட்டுத் தருகிறேன், குடித்து முடிக்கிற வரைக்கும் போனை எடுக்காமல் உட்கார்ந்திருந்தால்.