கத்திரி வெயிலும் ஜன்னல் கதவும்

திருச்சியில் கத்திரி தொடங்கிவிட்டது. ஆண்டுதோறும் மே 4ஆம் தேதி வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை நீளும் இந்த மூன்றரை வாரங்களில் எங்கள் வீட்டில் நடக்கும் சச்சரவு ஒன்றே ஒன்றுதான்: பகலில் ஜன்னலைத் திறந்து வைப்பதா, சாத்தி வைப்பதா. நான் வெகுகாலம் திறந்து வைக்கும் கட்சியில் இருந்தவன். காற்றோட்டம் இல்லாத வீட்டில் நோய்தான் குடியிருக்கும் என்று சொல்லியே என்னை வளர்த்தார் அப்பா. அதனால் வெயில் ஏற ஏற, இருக்கிற ஜன்னல்களையெல்லாம் விரியத் திறந்துவிட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, அதன் கீழே வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு இயல்பாகவே இருந்தது.

மூன்று கோடைகளுக்கு முன் வேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் மாமியார் வந்து ஒரு மாதம் தங்கினார். காலை எட்டரை மணிக்குச் சமையலை முடித்துவிடுவார். ஒன்பதுக்குள் கிழக்குப் பக்க ஜன்னலில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வருவார். வீடு இருண்டுவிடும். நான் பின்னாலேயே போய்த் திறப்பேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள், "வெளியில அனலா அடிக்குதுங்க மாப்பிள்ளை, அதைப் போய் எதுக்கு உள்ள கூப்பிடணும்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சில நூறு ரூபாய்க்கு இரண்டு வெப்பமானிகள் வாங்கி, ஒன்றைக் கூடத்திலும் மற்றொன்றை வெளியே வடக்குப் பக்க நிழலிலும் மாட்டினேன். அந்த வாரத்திலேயே கட்சி மாறிவிட்டேன்.

மாறியதற்கான காரணத்தைச் சொல்கிறேன். நாங்கள் இருப்பது ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் கொண்ட பழைய வீட்டின் தரைத்தளம். மேலே இன்னொரு குடும்பம் இருக்கிறது. இப்படிப்பட்ட வீட்டில் இரவு முழுவதும் குளிர்ந்த சுவர், மறுநாள் பிற்பகல் வரை அந்தக் குளிர்ச்சியைக் கையிருப்பாக வைத்திருக்கும். ஒரு கன மீட்டர் காற்றின் வெப்பத்தை ஒரு பாகை (டிகிரி செல்சியஸ்) உயர்த்தத் தேவைப்படும் ஆற்றலைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல், ஒரு கன மீட்டர் செங்கலை ஒரு பாகை சூடாக்கத் தேவைப்படும். அதனால் சுவர் எளிதில் சூடேறாது. ஆனால் 40 பாகைக் காற்றை மணிக்கணக்கில் உள்ளே ஓடவிட்டுக்கொண்டே இருந்தால், அந்தக் காற்று தன் வெப்பத்தைச் சுவரிலும் தரையிலும் கட்டிலிலும் பீரோவிலும் இறக்கிவிட்டுப் போகும். சேர்த்து வைத்த கையிருப்பு பிற்பகல் இரண்டு மணிக்கே தீர்ந்துவிடும். சாத்தி வைத்தால் அதே கையிருப்பு மாலை வரை தாங்குகிறது. கடும் வெயில் நாட்களில் வெளியே நிழலில் 40 காட்டும்போது எங்கள் கூடத்தில் 34 அல்லது 35 காட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். திறந்து வைத்த நாட்களில் இரண்டு வெப்பமானிகளும் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறின.

ஆனால் காற்று பட்டால் உடம்புக்குச் சுகமாக இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அதைத்தான் கேட்டேன். நம் தோலின் வெப்பம் ஏறக்குறைய 34, 35 பாகை. அதற்குக் குறைவான வெப்பமுள்ள காற்று மேலே பட்டால் உடம்பின் சூட்டை அது எடுத்துச் செல்லும். அதைவிடச் சூடான காற்று பட்டால், அது நமக்குச் சூட்டைக் கொடுக்கவே செய்யும். வியர்வை ஆவியாவதால் கிடைக்கும் குளிர்ச்சி ஒன்றுதான் அப்போது நம் பக்கம் நிற்கும். காற்றின் வெப்பம் 40 பாகைக்குக் கீழே இருக்கும்போது மட்டும் மின்விசிறியைப் பயன்படுத்துங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதன் பின்னணி இதுதான். மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, நம் தோலைத்தான் குளிர்விக்கிறது என்பதை இவ்வளவு வயதுக்குப் பிறகு கற்றுக்கொண்டேன். ஆளில்லாத அறையில் அதைச் சுழலவிட்டு "அறை கொஞ்சம் ஆறட்டும்" என்று காத்திருப்பது, மோட்டாரின் சூட்டையும் சேர்த்து அறையில் கொட்டுவதுதான்.

தமிழில் ஜன்னலுக்குக் காலதர் என்று ஒரு பழைய சொல் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. வழி என்றால் அதில் யார் வேண்டுமானாலும் வரலாம் அல்லவா? நம் முன்னோர் காற்றைத் திசைக்கு ஒரு பெயர் சொல்லிப் பிரித்தே அழைத்தார்கள். தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. மேல்காற்றுக்கும் வெயில் காலத்துக்கும் ஒரே பெயர் இருப்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்வதில்லை. நிலப்பரப்பின் மேல் காய்ந்து வரும் அந்தக் காற்று வீசும் பிற்பகலில், "நல்ல காற்று வருகிறது" என்று மேற்கு ஜன்னலைத் திறப்பவர், வருவது எந்தக் காற்று என்று கேட்காமல் கதவைத் திறக்கிறார்.

வெயில் விழும் திசையிலும் நம் கணக்கு பெரும்பாலும் தவறுகிறது. சித்திரை பிறந்த சில நாட்களிலேயே சூரியன் திருச்சியின் உச்சியைக் கடந்து வடக்கே போய்விடுகிறது. அதனால் கத்திரியில் தெற்குச் சுவரில் நண்பகல் வெயில் விழுவதே இல்லை. தெற்கு ஜன்னலுக்குக் கனத்த திரை போடுவது வீண். காலையில் கிழக்கும் மாலையில் மேற்கும்தான் தொல்லை தருபவை. அதிலும் மேற்கு மோசம், ஏனென்றால் ஏற்கெனவே சூடேறிக் களைத்துப்போன வீட்டின் மேல் தாழ்ந்த வெயில் நேராக வந்து அடிக்கிறது. கண்ணாடியின் வழியே அந்த வெயில் உள்ளே வந்துவிட்டால், அறைக்குள் இஸ்திரிப் பெட்டி ஒன்றைச் சூடாக்கி வைத்ததற்குச் சமம். உட்பக்கம் தொங்கும் துணித்திரை அதை அரைகுறையாகத்தான் தடுக்கும், ஏனென்றால் வெயில் திரையைச் சூடாக்கும்போது அந்தச் சூடு ஏற்கெனவே அறைக்குள் இருக்கிறது. தடுப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். மரக்கதவு போட்ட பழைய ஜன்னல்களில் இந்தத் தொல்லையே கிடையாது. நாங்கள் மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டி கட்டியிருக்கிறோம். வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தால் இன்னும் நன்று; காற்று காய்ந்திருக்கும் உள்மாவட்டங்களில் அது நன்றாகவே வேலை செய்யும், கடற்கரை ஊரில் அவ்வளவு பலிக்காது.

இதுவரை சொன்னது பாதிதான். பகலில் சாத்துவதற்குப் பொருள் இருக்க வேண்டுமானால் இரவில் திறக்க வேண்டும், இங்கேதான் நாம் எல்லோரும் தோற்கிறோம். எங்கள் தெருவைப் பாருங்கள்: காலை முதல் மாலை வரை எல்லா ஜன்னல்களும் திறந்திருக்கும், மாலை ஆறு மணிக்குக் கொசு வரும் என்று டப் டப்பெனச் சாத்தப்படும். வெளியே அனலாக இருக்கும்போது திறந்து வைத்து, வெளிக்காற்று ஆறத் தொடங்கும் நேரத்தில் அடைத்துவிட்டு, பகலெல்லாம் சேர்ந்த சூட்டோடு இரவைக் கழிக்கிறோம். தலைகீழாகச் செய்கிறோம் என்று யாரையும் குறை சொல்லவும் முடியாது. கொசு கற்பனை அல்ல, திருட்டு பயமும் கற்பனை அல்ல, தரைத்தளத்தில் தெருவைப் பார்த்த படுக்கையறை ஜன்னலை இரவில் திறந்து வைத்துப் பெண்கள் நிம்மதியாகத் தூங்க முடிவதில்லை என்பதும் கற்பனை அல்ல. அதனால்தான் ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பதை ஏசிக்கு முந்தைய செலவாக நான் கருதுகிறேன். வலை காற்றின் வேகத்தைக் குறைக்கும்தான். ஆனாலும் சாத்திய கதவைவிட மேல். வலைச் செலவை வீட்டுக்காரர் ஏற்கமாட்டார், குடியிருப்பவர் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகவும் முடியாது. வாடகை வீடுகளில் இந்த எளிய வேலை நடக்காமலே போவதற்கு இதுவே காரணம்.

திறப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ஒரே ஒரு ஜன்னலை மட்டும் திறந்தால் காற்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். எதிரெதிரே இரண்டு திறப்புகள் வேண்டும், இடையில் இருக்கும் அறைக்கதவும் திறந்திருக்க வேண்டும். பழைய வீடுகளில் கூரையை ஒட்டி வென்டிலேட்டர் என்று ஒரு சிறு திறப்பு இருக்கும். மேலே தேங்கும் சூடான காற்று அதன் வழியே வெளியேறும். முற்றம் வைத்த வீடுகளில் இதே வேலையை முற்றம் செய்தது. இப்போது கட்டும் அடுக்ககங்களில் வென்டிலேட்டரைக் குளியலறையில் மட்டுமே பார்க்க முடிகிறது. போதாக்குறைக்கு, பக்கத்துக் கட்டடத்துக்கும் நமக்கும் இடையே உள்ள சந்தில் அவர்கள் ஏசியின் வெளிப்பெட்டி நம் ஜன்னலைப் பார்த்தே சூட்டை ஊதிக்கொண்டிருக்கும். இரவில் அந்த ஜன்னலைத் திறக்கச் சொல்ல எனக்கே வாய் வராது.

இவ்வளவு சொன்ன பிறகு, என் மாமியாரின் முறை எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. என் நண்பர் ஒருவர் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீட்டில் இருக்கிறார். நான் உற்சாகமாக வெப்பமானிக் கதையைச் சொன்னபோது, ஒரு நாள் மதியம் வந்து உட்கார்ந்து பாருங்கள் சார் என்றார். போனேன். அந்த வீட்டில் கூரையே அடுப்பு. மெல்லிய ஓட்டுத்தகடு வெயிலைத் தடுத்து வைப்பதில்லை. சில நிமிடங்களில் சூடேறி, அந்தச் சூட்டை அப்படியே கீழே இறக்குகிறது. அங்கே நண்பகலில் உள்ளே இருப்பது வெளி நிழலைவிடச் சூடு. கதவு ஜன்னலைச் சாத்தினால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஆளைக் கொல்லும். அவர்கள் திறந்து வைப்பதும், மதியத்தில் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவதும் அறியாமை அல்ல, அனுபவம்.

காங்கிரீட் தளத்துக்கு நேர் கீழே, மேல்மாடியில் குடியிருப்பவர்களின் நிலை இரண்டுக்கும் நடுவே. நான்கைந்து அங்குலத் தளம் வெயிலை உடனே இறக்காது. சில மணி நேரம் தாமதித்து, மாலையிலும் முன்னிரவிலும் இறக்கும். ஆகவே அவர்கள் காலையில் சாத்தி வைப்பது பயன்தரும், பிற்பகல் கடந்து தளம் கனலத் தொடங்கியதும் சாத்தி வைப்பது எதிராகத் திரும்பும். மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது அவர்களுக்கு எந்த ஜன்னலைவிடவும் அதிகம் உதவும்.

சென்னைக்காரர்களுக்கு வேறு கணக்கு. அங்கே கடற்காற்றுதான் எஜமான். அது நண்பகலை ஒட்டி வந்துவிட்டால் வெப்பம் இறங்கத் தொடங்கும், கிழக்கு ஜன்னலைத் திறந்துவிட வேண்டியதுதான். மேல்காற்று வலுத்து அதை வரவிடாமல் தடுக்கும் நாட்களில்தான் சென்னை 40ஐத் தாண்டுகிறது. 2003 மே 31 அன்று அங்கே 45 பாகை பதிவானது. அப்படிப்பட்ட நாளில் கடற்காற்று வரும்வரை சாத்தி வைப்பதே சரி. ஆனால் அங்கே காற்றில் ஈரம் அதிகம், இரவிலும் வெப்பம் பெரிதாக இறங்குவதில்லை. எனவே சுவரைக் குளிரவைத்துச் சேமிக்கும் எங்கள் ஊர் உத்தி அங்கே பாதிதான் பலிக்கும்.

ஏர் கூலர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏசிக்குச் சாத்துவது போல அதற்கும் சாத்திவிடுகிறார்கள். கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்ச்சி தருகிறது. அந்த ஈரம் வெளியேறாவிட்டால் அரை மணியில் அறை புழுங்கத் தொடங்கிவிடும். அதை ஜன்னல் ஓரம் வைத்து வெளிக்காற்றை இழுக்கவிட்டு, எதிர்ப்பக்கம் ஒரு திறப்பும் விட வேண்டும். அதேபோல, எந்தக் காரணத்துக்காகவும் எரிவாயு அடுப்பு எரியும்போது சமையலறை ஜன்னலைச் சாத்தக்கூடாது.

வெப்ப அலை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெளியிடும் குறிப்பில், திரையும் மறைப்பும் போட்டு வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருங்கள், இரவில் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள் என்று ஒரு வரி வருகிறது. சரியான வரிதான், ஆனால் அது என் வீட்டை மனத்தில் வைத்து எழுதிய வரி. என் நண்பரின் வீட்டுக்கு அது பொருந்தாது. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடர் என்று ஒப்புக்கொண்ட பிறகாவது, தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் தனியாக ஓர் அறிவுரை வேண்டாமா? அறிவுரையைவிட, அந்தக் கூரைகளின் மேல் அடிக்க ஒரு வாளி வெள்ளைப் பூச்சு கொடுத்தால் இன்னும் நல்லது.

எங்கள் வீட்டில் இப்போது கடிகாரத்தைப் பார்த்துச் சாத்துவதில்லை. வெளி வெப்பமானி உள்ளே இருப்பதை எட்டிப் பிடிக்கும்போது சாத்துகிறோம், மாலையில் அதற்குக் கீழே இறங்கும்போது திறக்கிறோம். இந்த வாரம் அது காலை எட்டரைக்கும் இரவு எட்டுக்கும் நடக்கிறது. பகலெல்லாம் வீடு அடைத்துக் கிடப்பதால் நாங்கள் ஊரில் இல்லை என்று நினைத்து நேற்று தபால்காரர் விரைவுத் தபாலைத் திருப்பி எடுத்துப் போய்விட்டார். மாமியாருக்குத் தொலைபேசியில் சொன்னேன். வாசல் கதவில் ஒரு சீட்டு எழுதி ஒட்டச் சொன்னார். ஜன்னலைத் திறக்கச் சொல்லவில்லை.