அன்ரிசர்வ்டில் நிற்கிறவர்தான் பசுமைப் பயணி

பஸ்ஸை விட ரயில் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எந்த பஸ், எந்த ரயில், அதிலும் எந்தப் பெட்டி என்று யாரும் கேட்பதில்லை. சென்னை-மதுரையை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தோராயக் கணக்குதான், ஆடிட்டர் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் ஆம்னி பஸ். ஏசி ஸ்லீப்பர் வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிய விஷயம். சாலை வழி சுமார் 460 கி.மீ. என்றால் 115 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக ஓர் இரவுக்கு 310 கிலோ. படுத்துப் போகிறவர்கள் 30 பேர். தலைக்குப் பத்து கிலோவைத் தாண்டுகிறது. கிளாம்பாக்கத்தில் ஆள் சேரும்வரை ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு நிற்பதும், வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேரப் பிடிக்கும் டாக்ஸியும் இதில் சேரவில்லை.

அதே ரோட்டில் போகிற ஏசி இல்லாத அரசு விரைவுப் பேருந்துக்கு லிட்டருக்கு 5 கி.மீ., 40 பேர் என்று வையுங்கள். தலைக்கு ஆறு கிலோ சொச்சம்தான். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு முழங்கால் இடிக்க உட்கார்ந்து போகிறவர், திரை போட்ட பெர்த்தில் போர்வைக்குள் போகிறவரை விடப் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் கரியை விடுகிறார்.

இப்போது ரயில். 22 பெட்டியும் எஞ்சினும் சேர்த்து 1,200 டன் வரும். ஆயிரம் டன்னை ஒரு கிலோமீட்டர் இழுக்க சுமார் 20 யூனிட் மின்சாரம். எழும்பூரிலிருந்து மதுரை 493 கி.மீ., ஆக மொத்தம் 12,000 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரிதான். யூனிட்டுக்குச் சுமாராக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. பெருக்கிப் பெட்டிகளுக்குப் பங்கு போட்டால் ஒரு பெட்டிக்கு 380 கிலோ.

கூத்தே இங்கேதான். இந்த 380 கிலோவை செகண்ட் ஏசியில் 52 பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். தலைக்கு ஏழு கிலோவுக்கு மேல், ஏசிக்கான மின்சாரம் தனி. அதாவது அரசு பஸ்ஸை விட மோசம்! ஸ்லீப்பரில் 80 பேர், ஐந்து கிலோவுக்குள். எஞ்சினை ஒட்டி இருக்கிற அன்ரிசர்வ்ட் பெட்டியில், லக்கேஜ் வைக்கும் கம்பிமேல் துண்டை விரித்துப் படுத்தவர்களையும் கழிவறை வாசலில் குத்தவைத்திருப்பவர்களையும் எண்ணினால் 200 பேர் இருப்பார்கள். தலைக்கு 2 கிலோகூட இல்லை.

ரயிலுக்கு வேறு ஒரு பெரிய சாதகம் உண்டு, அதை மறைக்க வேண்டாம். இன்று வாங்குகிற டீசல் பஸ் கழித்துக்கட்டும் நாள்வரை டீசலைத்தான் குடிக்கும். ரயிலுக்கு மேலே ஓடும் கம்பியில் நாளைக்கு முப்பந்தல் காற்றாலை மின்சாரம் கூடுதலாக வந்தால், அதே பெட்டி, அதே எஞ்சின், கார்பன் மட்டும் தானாகக் குறையும். எழும்பூரில் ரயிலின் கடைசிப் பெட்டி அருகே நின்றவர்களுக்கு அந்த பவர் கார் ஞாபகம் இருக்கும். விளக்குக்கும் ஏசிக்கும் டீசல் ஜெனரேட்டர் அலறும், பக்கத்தில் நின்று போன் பேச முடியாது. இப்போது எல்எச்பி எனும் புதுவகைப் பெட்டிகள் மாட்டிய பெரும்பாலான வண்டிகளில் அந்த மின்சாரமும் எஞ்சின் வழியாக மேல்கம்பியிலிருந்தே வருகிறது. சத்தமும் போயிற்று, புகையும் போயிற்று. (புகை முழுக்கப் போய்விடவில்லை. அனல் மின்நிலையத்துக்கு இடம் மாறியிருக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்துச் சாம்பலைப் பார்த்தவர்களிடம் 'ரயிலுக்குப் புகை கிடையாது' என்று சொல்லிப் பாருங்கள்.)

என் கோபம் பஸ்காரர்கள் மேல் இல்லை. எந்தப் பெட்டியில் தலைக்குக் கார்பன் குறைவோ அந்தப் பெட்டியைத்தான் ரயில்வே பல வண்டிகளில் குறைத்தது. ஸ்லீப்பரைக் கழற்றிவிட்டு தேர்ட் ஏசி மாட்டினார்கள். கூச்சல் கிளம்பிய பிறகு பொதுப் பெட்டிகளைக் கொஞ்சம் கூட்டினார்கள், சரி. ஆனால் தீபாவளி, பொங்கலுக்கு 60 நாள் முன்பே காலையில் போனும் கையுமாக உட்கார்ந்தாலும் சில நிமிடங்களில் வெயிட்டிங் லிஸ்ட். அந்த வெயிட்டிங் லிஸ்ட் முழுக்க அப்படியே கிளாம்பாக்கம் போய், சொன்ன விலைக்கு ஆம்னி பஸ்ஸில் ஏறுகிறது. ஒரு பக்கம் 2030க்குள் நெட் ஜீரோ, அதாவது நிகரக் கார்பன் உமிழ்வே இல்லாத நிலை என்று ரயில்வே அறிவிக்கிறது, இன்னொரு பக்கம் தன் பயணிகளையே டீசலுக்கு அனுப்பி வைக்கிறது.

தாம்பரம்-நாகர்கோவில் அந்த்யோதயா என்று ஒரு வண்டி இருக்கிறது. முழுக்க முன்பதிவில்லாத பெட்டிகள். என் கணக்குப்படி தமிழ்நாட்டின் நெடுந்தூர வண்டிகளில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதில் ஏறுகிற யாரும் பூமியைக் காப்பாற்ற ஏறவில்லை, கட்டணம் கட்டுப்படியாகிறது, ஏறுகிறார்கள்.

உடனே 'அப்போ எல்லாரும் மூட்டை மாதிரி அடைந்து போகணுமா?' என்று கமென்ட்டில் வருவீர்கள், தெரியும். வேண்டாம். அன்ரிசர்வ்ட் பெட்டியில் 100 சீட் இருக்கிறது. நூறு பேரும் கால் நீட்டி உட்கார்ந்து போனாலும் தலைக்கு 4 கிலோவுக்குள்தான் வரும். செகண்ட் ஏசியில் பாதி, ஆம்னி ஸ்லீப்பரில் பாதிகூட இல்லை. அந்த்யோதயா போல மதுரைக்கு இரண்டு, கோவைக்கு ஒன்று, அதுவும் பண்டிகைக்கு மட்டும் இல்லாமல் தினமும் விடட்டும்.