மன்னிப்பு வந்தது, தீர்ப்பு அப்படியே நின்றது

வெளிநாட்டுச் சிறையில் நம்மவர் ஒருவர் தூக்குக்குக் காத்திருக்கிறார் என்று செய்தி வந்தால், இங்கே இரண்டு குரல்கள்தான் கேட்கும். "அரசு என்ன புடுங்குது?" என்பது ஒன்று. "தப்பு செஞ்சா அனுபவிக்கட்டும்" என்பது இன்னொன்று. ஏமனில் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றுச் சிறையில் இருக்கும் கேரளச் செவிலியர் நிமிஷா பிரியா விஷயத்திலும் இதே கதைதான். எனக்கு அப்போதெல்லாம் ராமேஸ்வரத்தை அடுத்த தங்கச்சிமடத்து மீனவர்கள் ஐந்து பேரின் வழக்குதான் நினைவுக்கு வரும்.

2011 நவம்பரில் ஹெராயின் கடத்தியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை அவர்களைப் பிடித்தது. மீன்பிடிக்கத்தான் போனார்கள் என்று குடும்பத்தார் கடைசி வரை சொன்னார்கள். 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. தங்கச்சிமடம் கொந்தளித்தது. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், பஸ் எரிந்தது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, நவம்பர் 19 அன்று ஐந்து பேரும் வெலிக்கடைச் சிறையை விட்டு வெளியே வந்துவிட்டார்கள்.

அந்த மூன்று வாரத்தில் நடந்ததுதான் விஷயம். இந்தியத் தூதரகம் முதலில் மேல்முறையீடு செய்ய வைத்தது. தமிழக அரசு வழக்குச் செலவுக்குப் பணம் கொடுத்தது. பிரதமர் மோடி, அப்போதைய இலங்கை ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவிடம் தொலைபேசியில் பேசினார். பிறகு, மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் ஜனாதிபதியின் மன்னிப்புக்கு அதுவே தடை என்று, போட்ட மனுவைத் திரும்பப் பெற்றார்கள். மன்னிப்பு வந்தது. மறுநாளே, நவம்பர் 20 அன்று, ராஜபக்ச ஜனாதிபதித் தேர்தலை அறிவித்தார். அவர் கணக்கு என்னவென்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

உயிர் போகும் இடத்தில் சட்ட நியாயம் பேசிக்கொண்டிருக்க முடியாது, மனுவைத் திரும்பப் பெற்றது சரிதான். இலங்கையில் 1976க்குப் பிறகு யாரையும் தூக்கில் போட்டதில்லை என்பது உண்மை. அதற்காகச் சிறையிலேயே கிழவர்களாகட்டும் என்று விட்டுவிட முடியுமா? ஆனால் மனுவோடு சேர்ந்து இன்னொன்றும் போய்விட்டது. அவர்கள் கடத்தினார்களா இல்லையா என்பதை எந்த மேல் நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. குற்றவாளி என்ற தீர்ப்பு நின்றது, தண்டனை மட்டும் போனது. ஊர் திரும்பியதும் மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்ட கட்சிக்காரர்கள் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அதைவிட உறுத்துவது வேறொன்று. அதே வழக்கில், அதே நாளில், அதே தண்டனையை இலங்கைத் தமிழர் மூன்று பேரும் பெற்றார்கள். ஐந்து பேருக்கு வந்த மன்னிப்பில் அந்த மூவர் இல்லை. அவர்களுக்காகப் பேச இன்னொரு நாட்டின் பிரதமர் இல்லையே! தொப்புள்கொடி உறவு என்று மேடையில் முழங்கும் நாமும் ஐந்து பேரைத்தான் எண்ணினோம்.

ஏமன் கதையில் இந்த வழியே கிடையாது. தலைநகர் சனாவை வைத்திருப்பவர்கள் ஹூதி கிளர்ச்சியாளர்கள், டெல்லிக்கு அங்கே தூதரகம் இல்லை. மன்னிக்க வேண்டியவர்களும் கொலையானவரின் குடும்பத்தார்தான். 2025 ஜூலை 16 அன்று நிறைவேற்றவிருந்த தண்டனை தள்ளிப்போனபோது, கேரளத்து முஸ்லிம் மதத் தலைவர் காந்தபுரம் அபூபக்கர் முஸ்லியார் ஏமன் மார்க்க அறிஞர்கள் மூலம் பேசியதுதான் பெரிதாகச் சொல்லப்பட்டது. அரசோ அதற்கு இரண்டு நாள் முன்புதான், இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருந்தது. அதற்காக அரசைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பிரதமர் போன் போட்டாலும் அந்தக் குடும்பம் எடுக்க வேண்டுமே.

நான் கேட்பது முதல் விசாரணையின்போது என்ன செய்தீர்கள் என்றுதான். வெளிநாட்டுச் சிறைகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருப்பதாக அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. தூதரகங்களில் இந்திய சமூக நல நிதி என்று ஒன்று 2009 முதல் இருக்கிறது. தகுதியுள்ளவர்களுக்கு அதிலிருந்து வக்கீல் செலவும் தரலாம். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் எந்த ஏஜென்ட் அதைச் சொல்லி அனுப்புகிறார்? உங்கள் வீட்டிலிருந்து யாராவது கிளம்பினால், தூதரக எண்ணோடு இந்த நிதியின் பெயரையும் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.