கிளார்க் வேலையாம்!

நகர்மன்றக் கூட்டத்தில் இரண்டு கவுன்சிலர்கள் மைக்கைப் பிடுங்கிச் சண்டை போட்ட அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சண்டை கிடக்கட்டும். அந்தக் கூச்சலுக்குள் "ஆல் பாஸ், ஆல் பாஸ்" என்று அத்தனை தீர்மானமும் நிறைவேறியது, அதில் ஒன்று பின்னேற்புக்கு, அதாவது வேலை நடந்த பிறகு ஒப்புதலுக்கு, வந்த சாலைப் பணி. இதை எழுதியது வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத அந்தப் பெண் நிருபர் மட்டும்தான். அதற்குக் கீழே ஒரு மூத்தவர் போட்ட கமென்ட்: "இது நிருபர் வேலை இல்லம்மா, கிளார்க் வேலை." அதற்கு எத்தனை ஹாஹா!

சரிங்க ஐயா, கிளார்க் வேலைதான். அதை யார் செய்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

கூட்டத்துக்கு முன்பே உறுப்பினர்கள் கைக்கு அஜெண்டா போய்விடும். பேசிப் பழகிய ஒரு கவுன்சிலர் இருந்தால் நமக்கும் கிடைக்கும். முந்தின ராத்திரியே உட்கார்ந்து படிக்க வேண்டும். பின்னேற்பு என்று வரும் ஒவ்வொரு பொருளையும் முதலில் வட்டம் போடுங்கள். வேலை ஏற்கெனவே நடந்துவிட்டது, மன்றம் இப்போதுதான் தலையாட்டுகிறது. குடிநீர்க் குழாய் உடைந்தால் அது நியாயம். சாலைக்கு என்ன அவசரம்? அடுத்து, ஒரே தெருவின் வேலை இரண்டு மூன்று துண்டாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். தொகை சின்னதாக இருந்தால் அனுமதி கீழ்மட்டத்திலேயே முடியும், வெளி ஒப்பந்ததாரர்களும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பிறகு டெண்டர் தேதி. 1998-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் விதிகளில் 2 கோடி ரூபாய் வரை குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைத்தால் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். அந்தக் காகிதத்தைக் கேளுங்கள்.

சண்டை செய்தி இல்லை, தீர்மானம்தான் செய்தி. இதை இன்னும் பத்து தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

"மக்கள் இதையெல்லாம் படிக்க மாட்டார்கள்" என்பீர்கள். "தீர்மானம் எண் இத்தனை" என்று ஆரம்பித்தால் நானும்தான் படிக்க மாட்டேன். தெருப் பெயரில் ஆரம்பியுங்கள், தொகையை இரண்டாவது வரியில் வையுங்கள், அந்தத் தெருக்காரர் கண்டிப்பாகப் படிப்பார்.

"நேரம் இல்லை" என்பது உண்மைதான், ஒரே ஆள் ஒரு தாலுகாவையே சுமக்கிறார். ஆனால் மைக் பிடுங்கிய வீடியோவை வெட்டி, மியூசிக் சேர்த்து, மூன்று தலைப்பில் போட மட்டும் எங்கிருந்து நேரம் வந்தது? மிரட்டல் வரும் என்றால், வரும். அதனால்தான் வாய்ப்பேச்சை நம்பாமல் நகலைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

கிராம சபையும் இதே கதைதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாளும் அமைச்சர் மக்களோடு உட்கார்ந்திருக்கும் படம் வரும். வரவு செலவுக் கணக்கை வாசித்தார்களா என்று ஒரு வரி வராது.

சொல்லவே கூடாது என்றிருந்தேன். அந்தப் பெண்ணைக் கிண்டல் செய்பவர்களில் எத்தனை பேர், தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடித்து வா என்று இதே பிள்ளைகளை அதே நகர்மன்றத் தலைவரிடமும் அதே ஒப்பந்ததாரரிடமும் அனுப்பியவர்கள்? தாலுகா நிருபருக்கு ஒழுங்கான சம்பளம் கிடையாது, விளம்பரத்தில் கமிஷன்தான். காலையில் ஒப்பந்ததாரரிடம் விளம்பரம் கேட்டுவிட்டு சாயங்காலம் அவர் போட்ட சாலையின் எம்-புக்கை (அளவுப் பதிவேட்டை) கேட்க எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? கேட்கிற ஒருத்திக்குக் கிளார்க் பட்டம். கவர் வாங்கிக்கொண்டு வந்திருந்தால் "நெளிவு சுளிவு தெரிந்த பொண்ணு" என்றிருப்பீர்கள், இல்லையா?

அந்தத் தங்கச்சிக்கு, இதைப் பார்த்தால்: தகவல் உரிமைச் சட்ட மனுவில் "சாலை ஏன் தரமில்லை" என்று எழுதாதீர்கள். விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக் பக்கங்கள், பில் என்று பெயர் சொல்லி நகல் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். பிரிவு 6(2)-இன்படி காரணம் சொல்ல வேண்டியதில்லை. அளந்த நீளம், அகலம், தடிமன் எல்லாம் எம்-புக்கில்தான் இருக்கும், பில் அதை வைத்துத்தான் போடுவார்கள். நீளத்தையும் அகலத்தையும் டேப் பிடித்து நீங்களே ஒப்பிடலாம். தடிமனுக்காகச் சாலையைத் தோண்டிவிடாதீர்கள், வழக்கு உங்கள் மேல் திரும்பும். பிரிவு 2(ஜே)-இல் பணியை நேரில் பார்வையிடவும் சான்றளித்த மாதிரி எடுக்கவும் உரிமை இருக்கிறது, அதையும் அதே மனுவில் சேர்த்துவிடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மனுவை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். "மனுவே வரவில்லை" என்றுதான் முதலில் சொல்வார்கள்.