ரோமானிக்கு ஒரே எழுத்துமுறை ஏன் ஓடவில்லை?

ரோமானி என்பது ஐரோப்பாவின் பல நாடுகளில் சிதறி வாழும் ரோமா மக்களின் மொழி. "ரோமானி மொழிக்கு எழுத்தே கிடையாது" என்று இன்னும் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். உண்மையில் அதற்கு எழுத்துமுறைகள் அளவுக்கு மிஞ்சியே இருக்கின்றன. சோவியத் ஒன்றியம் 1920களிலேயே ரஷ்ய மொழிக்கான சிரிலிக் எழுத்தில் ரோமானிப் பாடநூல் போட்டது, 1938இல் கைவிட்டது. செக்கோஸ்லோவாக்கியாவின் ரோமா சங்கம் 1971இல் அங்குள்ள பள்ளி எழுத்துகளையே வைத்து ஒரு முறை வகுத்தது. 1990இல் போலந்தின் வார்சா அருகே கூடிய நான்காம் உலக ரோமா மாநாடு, மொழியியலாளர் மார்செல் குர்த்தியாட் வகுத்த பொது லத்தீன் முறையை ஏற்றது.

இந்தக் கடைசி முறையை மொழியியலாளர் விளையாட்டு என்று கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ரோமானி வேற்றுமை உருபு தனக்கு முன்னால் நிற்கும் ஒலியைப் பார்த்து மாறும். ரோமா ஆண் ஒருவருக்கு என்றால் 'ரோமெஸ்கெ', பலருக்கு என்றால் 'ரோமெங்கெ'. அவரிடம் 'ரோமெஸ்தெ', அவர்களிடம் 'ரோமெந்தெ'. உருபு ஒன்றுதானே, எழுத்தும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று முதல் ஜோடிக்கு லத்தீன் 'கியூ'வையும் இரண்டாவதற்குக் கிரேக்க 'தீட்டா'வையும் வைத்தார்கள். 'பக்கம்', 'பங்கு' இரண்டுக்கும் ஒரே க போடும் நமக்கு இதில் வியக்க என்ன இருக்கிறது? 'உடன்' என்னும் பொருளுள்ள உருபு 'ரோமெஸா', 'ரோமென்த்ஸா' என்று வரும். அதற்கு வால் வைத்த லத்தீன் 'சி' (ç).

இடிப்பது வேறு இடத்தில். ரோமா குழந்தை முதலில் எழுதப் படிப்பது அந்தந்த நாட்டு மொழியில்தான். கொசோவோவில் அல்பேனிய வழியில் படித்த குழந்தைக்கு வால் வைத்த 'சி' என்றால் 'ச்ச'. 'கியூ'வும் அங்கே 'க' இல்லை, அதுவும் சகரத்தை ஒட்டிய ஒலி. ஆக வேற்றுமை உருபு வரும் இடமெல்லாம் வாசிப்பு தடுக்கும். கிரேக்கத்தில் 'தீட்டா' வேறு ஒலி. விசைப்பலகையில் அந்த எழுத்தைத் தேடும் தொல்லை தனி.

ருமேனியாவில் மட்டும் இது பள்ளிக்குள் நிலைத்தது. காரணம் எழுத்தின் அழகு அல்ல. அரசுப் பாடநூலும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் அதோடு சேர்ந்து வந்தார்கள். அந்த இரண்டும் இல்லாத நாட்டில் மாநாட்டுத் தீர்மானத்தைத் தூக்கிப் பிடிப்பது வீண் பிடிவாதம் என்பேன். முதல் வகுப்புக்கு உள்ளூர் எழுத்தே போதும். 'கியூ'வும் 'தீட்டா'வும் இலக்கணம் கற்கும் வயதில் வரட்டும். நாடு கடந்து பேசும் இளைஞர்கள் கைபேசியில் ஏற்கெனவே ஆங்கில எழுத்துக்கூட்டலில் ரோமானி எழுதுகிறார்கள், ஒருவருக்கொருவர் புரிந்தும் கொள்கிறார்கள்.